எலும்பு சேகரித்த புத்தகக் கடைக்காரர்



குதிரை எந்த ஊர் விலங்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலோர் அரேபியா என்போம். பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கிய கதை நமக்குத் தெரியும் அல்லவா! ஆனால் குதிரைக் குடும்பத்தின் வரலாற்றில் பெரும்பகுதி நடந்த இடம் வட அமெரிக்கா. அங்கிருந்துதான் அது ஆசியாவுக்கு வந்தது. பிறந்த மண்ணில் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போய், ஸ்பெயின்காரர்களின் கப்பலில் ஏறித் திரும்பவும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒட்டகத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

இப்படி எந்த விலங்கு எங்கே தோன்றி எந்த வழியாக எங்கே போனது என்பதைக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. அந்தக் கலையில் வாழ்நாளையே செலவழித்தவர் அர்ஜென்டினாவின் ஃப்ளோரென்டினோ அமெகினோ. அந்த நாட்டில் அவர் பெயரில் ஊர்கள் உண்டு, சுபுட் ஆற்றின் குறுக்கே ஓர் அணை உண்டு. நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர்தான். இத்தனை பெருமை பெற்றவர் சொன்ன முக்கியமான முடிவு தவறு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்படியும் அவரைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெகினோவின் பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய மக்கள். அவர் பிறந்தது 1854 செப்டம்பர் 18, புவனோஸ் ஐரிஸ் நகருக்கு மேற்கே உள்ள லுஹான் என்ற ஊரில் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இல்லை, இத்தாலியில் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அர்ஜென்டினாக்காரர்களுக்கு இது இன்றும் ஒரு கௌரவப் பிரச்சினை!

எங்கே பிறந்திருந்தாலும் வளர்ந்தது லுஹானில். அந்த ஊருக்கு ஒரு விசேஷம் இருந்தது. 1787-ல் அதன் ஆற்றங்கரையில் மனுவேல் டோரஸ் என்ற பாதிரியார் ஒரு பிரம்மாண்டமான எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார். அது கடல் கடந்து மாட்ரிட் போய்ச் சேர்ந்தது. பாரிஸில் இருந்த குவியே 1796-ல் அதற்கு மெகாதீரியம் என்று பெயரிட்டு, அது ஸ்லாத் இனத்தைச் சேர்ந்தது என்று காட்டினார். மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மெல்ல மெல்ல நகருமே, அந்த ஸ்லாத். (நம் திண்டுக்கல் பக்கத்துத் தேவாங்கை ஸ்லாத் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. தேவாங்கு கொஞ்ச நேரத்தில் நம் கதைக்குள் வரும்.) மெகாதீரியம் யானை அளவு இருந்த, தரையில் நடந்த ஸ்லாத். அந்த ஆற்றங்கரையில் விளையாடிய பையனுக்கு எலும்பு பொறுக்கும் பழக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அமெகினோவுக்குப் பெரிய பட்டப்படிப்பு எதுவும் கிடையாது. மெர்சேதெஸ் என்ற சிற்றூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தார். பள்ளி முடிந்த நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் ஆற்றங்கரை, ஓடைக்கரை என்று அலைந்தார். சேர்ந்த எலும்புகளை மூட்டை கட்டிக்கொண்டு 1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனார். அங்கே சேகரிப்பில் ஒரு பகுதியை விற்று, அந்தக் காசில் ஐரோப்பாவில் தங்கிப் பிரெஞ்சு அறிஞர்களிடம் பாடம் கேட்டார், புத்தகங்கள் வெளியிட்டார், லியோன்டின் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தவருக்கு வேலை இல்லை. புவனோஸ் ஐரிஸில் ஒரு புத்தகக் கடை திறந்தார். கடைக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? எல் கிளிப்டோடோன்! ஆமை ஓடு போன்ற எலும்புக் கவசத்துடன், சின்னக் கார் அளவுக்கு இருந்த ஓர் அற்றுப்போன விலங்கின் பெயர் அது.

பிறகு கொஞ்ச காலம் நல்ல காலம். கோர்தோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தது. 1886-ல் லா பிளாட்டா நகரின் புதிய அருங்காட்சியகத்தில் துணை இயக்குநர் ஆனார். தன்னுடைய எலும்புச் சேகரிப்பை அந்த நிறுவனத்துக்கே விற்றார். அவருடைய தம்பி கார்லோஸும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1887-ல் கார்லோஸ் முதல்முறையாகத் தெற்கே, படகோனியாவின் சான்டா குரூஸ் பகுதிக்குப் போய் எலும்புகளோடு திரும்பினார். அந்த ஒரு பயணத்தில் வந்த எலும்புகளைக் கொண்டு அண்ணன் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய விலங்கினங்களுக்குப் பெயர் சூட்டினார். அதுவரை அங்கே பாலூட்டிகளின் புதைபடிவங்கள் இவ்வளவு இருக்கும் என்று யாரும் கனவு கூடக் கண்டதில்லை.

அடுத்த ஆண்டே சண்டை வந்துவிட்டது. அருங்காட்சியகத்தின் இயக்குநர் பிரான்சிஸ்கோ மொரேனோவும் பெரிய மனிதர்தான். இன்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் பெரிதோ மொரேனோ பனியாறு அவர் பெயர் தாங்கியது. ஆனால் ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியவில்லை. 1888-ல் அமெகினோ வேலையை விட்டு வெளியேற நேர்ந்தது. தானே சேர்த்துத் தானே விற்ற எலும்புகளைப் பார்ப்பதற்குக்கூட அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தம்பி கார்லோஸும் அண்ணனோடு வெளியே வந்துவிட்டார்.

இங்கேதான் எனக்கு இந்த மனிதர்மேல் மரியாதை பிறக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வழக்குப் போட்டுக்கொண்டு, பத்திரிகையில் எழுதிக்கொண்டு காலத்தைக் கழித்திருப்பார்கள். (அமெகினோ அதையும் கொஞ்சம் செய்தார். மொரேனோவும் சும்மா இருக்கவில்லை. ஒரே எலும்புக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பியதைச் சரிசெய்யப் பின்னால் வந்தவர்கள் படாத பாடு பட்டார்கள்.) ஆனால் வேலை நிற்கவில்லை. 1889-ல் அர்ஜென்டினாவின் புதைபடிவப் பாலூட்டிகளைப் பற்றி ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை வெளியிட்டார். அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிழைப்புக்கு லா பிளாட்டாவில் ரிவதாவியா என்ற பெயரில் மறுபடியும் ஒரு புத்தகக் கடை. பாடப் புத்தகம், காகிதம், பேனா, மை எல்லாம் விற்கும் சாதாரணக் கடை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கடைக்காரர் எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவார்.

கடையில் கிடைத்த பணம் தம்பியின் பயணத்துக்குப் போனது. போதாதபோது எலும்புகளில் சிலவற்றை ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு விற்றார்கள். 1903 வாக்கு வரை கார்லோஸ் திரும்பத் திரும்பப் படகோனியாவுக்குப் போனார். அந்த நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மரம் இல்லை, நிற்காத காற்று, குடிநீருக்கு நாள் கணக்கில் அலைய வேண்டும். துணைக்கு ஓரிருவர், குதிரைகள், அவ்வளவுதான். மாதக்கணக்கில் வெளியே. எந்தப் பாறை அடுக்கு எதற்குக் கீழே இருக்கிறது, எதில் எந்த எலும்பு கிடைத்தது என்று குறித்துக்கொண்டு, மூட்டை மூட்டையாக அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் கடையில் இருந்தபடி பிரித்துப் பார்த்துப் பெயர் வைத்து அச்சுக்குக் கொடுத்தார். ஒருவர் கை, ஒருவர் கண் என்று சொல்லலாம். அரசாங்கப் பணம் இல்லாமல், பெரிய நிறுவனத்தின் ஆதரவு இல்லாமல் இரண்டு சகோதரர்கள் இவ்வளவு செய்தது வேறு எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

பெயர் வைப்பதில் அமெகினோவுக்கு ஒரு வேடிக்கையான பழக்கம். தான் மதித்த அறிஞர்களின் முழுப் பெயரையும் ஒட்டுமொத்தமாக விலங்குக்குச் சூட்டிவிடுவார். தாமஸ் ஹக்ஸ்லிக்காகத் தாமஸ்ஹக்ஸ்லியா. ஹென்றி ஆஸ்போர்னுக்காக ஹென்ரிகோஸ்போர்னியா. முருகேசன் என்ற பெயரை இனிஷியலோடு சேர்த்து ஓர் ஆட்டுக்கு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி! இந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

சறுக்கல்களும் இருந்தன. 1887-ல் பல் இல்லாத ஒரு பெரிய தாடையைப் பார்த்து, பல்லில்லாத பாலூட்டி என்று முடிவு கட்டி ஃபோருஸ்ராகோஸ் என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் தெரிந்தது, அது பறவை! ஆளைவிட உயரமாக, பறக்காமல் ஓடி வேட்டையாடிய பயங்கரப் பறவை. பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆனால் பெரிய சறுக்கல் வேறு. அதைப் புரிந்துகொள்ள அந்த எலும்புகளை ஒரு நிமிடம் அமெகினோவின் கண்ணால் பாருங்கள். தோவாதீரியம் என்று ஒரு விலங்கு. சிறியது, ஆனால் காலில் ஒரே குளம்பு, குதிரையைப் போலவே. பைரோதீரியம் என்று இன்னொன்று. தந்தம் போன்ற பற்களும் யானையை நினைவூட்டும் கடைவாய்ப் பற்களும் கொண்டது. ஹோமுன்குலஸ் என்று ஒரு குட்டிக் குரங்கு. அந்தப் பெயருக்குப் பொருளே சின்ன மனிதன். இவை எல்லாம் படகோனியாவின் பாறைகளில் இருக்கின்றன. அந்தப் பாறைகள் மிக மிகப் பழையவை என்று அமெகினோ நம்பினார். அப்படியானால் என்ன பொருள்? குதிரை, யானை, குரங்கு எல்லாவற்றின் மூதாதைகளும் இங்கேதான் இருந்தன. இங்கிருந்துதான் உலகம் முழுவதும் பரவின. கடைசியில் மனிதனும்கூட. இதுதான் அவருடைய முடிவு. எல்லா அம்புக்குறியும் படகோனியாவிலிருந்து புறப்பட்டு வெளியே போயின.

பாறைகள் அவ்வளவு பழையவை என்று அவர் நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாலூட்டி எலும்புகள் கிடைத்த அதே அடுக்குகளில் கத்தி போல் தட்டையான, ஓரத்தில் ரம்பம் போன்ற பற்களும் கிடைத்தன. பார்த்தால் ஊனுண்ணும் டைனோசரின் பல். டைனோசரோடு வாழ்ந்த பாலூட்டி என்றால் வயது ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல். அமெகினோ இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1937-ல், அமெரிக்காவின் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரரை அடையாளம் காட்டினார். செபெகஸ் என்ற, நிலத்தில் வாழ்ந்த முதலை. டைனோசர்கள் அழிந்து நெடுங்காலம் கழித்து வாழ்ந்தது. பல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்பது என் கருத்து.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். கண்டங்கள் நகரும் என்று அப்போது யாரும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ஒரே வகை விலங்கு இரண்டு கண்டங்களில் இருந்தால், நடுவே ஒரு நிலப்பாலம் இருந்து மூழ்கிவிட்டது என்று சொல்வது வழக்கம். நமக்கு மிகவும் பழக்கமான லெமூரியா என்ற பெயர்கூட அப்படித்தான் பிறந்தது. மடகாஸ்கரில் லெமூர் இருக்கிறது, இந்தியாவில் அதன் உறவினரான தேவாங்கு இருக்கிறது, இது எப்படி என்று யோசித்த பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் 1864-ல் கடலுக்குள் ஒரு கண்டத்தைக் கற்பனை செய்து வைத்த பெயர் அது. அமெகினோவும் அந்தக் காலத்து மனிதர். தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஒரு நிலப்பாலம் போட்டு, அதன்மேல் தன் விலங்குகளை நடத்திச் சென்றார்.

சந்தேகம் எழாமல் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் பெல் ஹாட்சர் 1896 முதல் 1899 வரை படகோனியாவுக்குப் பலமுறை போனார். அமெகினோ சொன்ன வயது சரியில்லை, சான்டா குரூஸ் பாறைகள் மிகவும் பிந்தியவை என்று சொன்னார். இன்றைய கணக்கில் அவை சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுப் பழமையானவை. அந்த வயதுக்கு முன்பே வடக்கில் குதிரைகளும் யானை இனமும் இருந்துவிட்டன. அப்புறம் எப்படித் தோவாதீரியம் குதிரைக்குப் பாட்டனாக முடியும்? ஒரே மாதிரி வாழ்க்கை, ஒரே மாதிரி புல்வெளி என்றால் உறவில்லாத விலங்குகளுக்கும் ஒரே மாதிரி கால் அமையலாம் என்பதுதான் விடை. அமெகினோ அதை ஏற்கவில்லை. கடைசி வரை ஏற்கவில்லை.

1902-ல் ஒருவழியாக அரசு அவரை மதித்தது. புவனோஸ் ஐரிஸ் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆனார். வயதும் பதவியும் வந்த பிறகு மனித இனம் பற்றிய முடிவில் இன்னும் உறுதியானார். துறைமுகத்தில் தோண்டியபோது கிடைத்த ஒரு மண்டையோட்டின் மேல்பகுதியைக் கொண்டு 1909-ல் டிப்ரோதோமோ என்ற மனித மூதாதையை அறிவித்தார். அதைச் சரியான கோணத்தில் வைத்துப் பார்த்தால் அது நம்மைப் போன்ற சாதாரண மனிதனின் மண்டையோடு என்று ஜெர்மனியின் ஷ்வால்பே காட்டினார். 1910-ல் வாஷிங்டனிலிருந்து வந்து எல்லாவற்றையும் நேரில் ஆராய்ந்த ஹெர்ட்லிச்காவும் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய அறிக்கை 1912-ல் வெளிவந்தது. அதைப் பார்க்க அமெகினோ இல்லை. 1911 ஆகஸ்ட் 6 அன்று, நீரிழிவு நோய் முற்றி, லா பிளாட்டாவில் காலமானார். வயது 56.

அதன்பின் அந்த நாட்டில் அவர் ஏறக்குறைய ஒரு மகான் ஆகிவிட்டார். எளிய குடும்பத்தில் பிறந்து, பட்டம் இல்லாமல், தானே கற்று உயர்ந்த பள்ளி ஆசிரியர். மனிதன் எங்கள் மண்ணில்தான் தோன்றினான் என்று உலகத்திடம் சொன்னவர். யாருக்குத்தான் பிடிக்காது? அந்த மகிழ்ச்சியில் அவருடைய உண்மையான சாதனை கொஞ்சம் மறைந்துபோனது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சாதனை என்ன? சிம்ப்சன் 1930 முதல் படகோனியாவுக்குப் போய்த் தோண்டினார். புவனோஸ் ஐரிஸில் அமெகினோ சேகரிப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கார்லோஸ் குறித்து வைத்த அடுக்குகளின் வரிசை, எது கீழே எது மேலே என்பது, மிகப் பெரும்பாலும் சரியாக இருந்தது. வயதுதான் தவறு. மாடி எண்ணெல்லாம் சரி, கட்டடம் கட்டிய ஆண்டு மட்டும் தவறு என்பது போல. ஆண்டைத் திருத்திவிட்டால் முழுக் கதையும் தெளிவாகிறது.

அந்தக் கதை இதுதான். தென் அமெரிக்கா பல கோடி ஆண்டுகள் தனித் தீவாக மிதந்தது. உள்ளே ஸ்லாத், ஆர்மடில்லோ, கிளிப்டோடோன், தோவாதீரியம் போன்ற விநோதக் குளம்பு விலங்குகள் எல்லாம் தனியாக வளர்ந்தன. குரங்குகளும் கினிப்பன்றியின் மூதாதைகளும் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்து சேர்ந்தன, அநேகமாக மிதந்து வந்த மரக்கூட்டங்களின் மேல். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பகுதி உருவாகி, வடக்கும் தெற்கும் இணைந்தன. வடக்கிலிருந்து குதிரை, லாமாவின் மூதாதை, பூமா, ஜாகுவார், மான், கரடி எல்லாம் இறங்கின. தெற்கிலிருந்து ஆர்மடில்லோ, முள்ளம்பன்றி, ஒபோசம், பெரிய ஸ்லாத் எல்லாம் மேலே ஏறின. அமெகினோவின் அம்புக்குறிகளில் பல தலைகீழாக மாறிவிட்டன. ஆனால் அந்தத் தீவில் யார் யார் குடியிருந்தார்கள், யார் பழைய குடி, யார் புதிதாக வந்தவர் என்று சொல்லும் பதிவேட்டை அந்தச் சகோதரர்கள்தான் எழுதினார்கள்.

ஒரு அம்பு மட்டும் அவர் போட்ட திசையிலேயே நின்றது. வயிற்றில் பையுள்ள விலங்குகள் என்றால் நமக்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு ஞாபகம் வரும். படகோனியாவில் அத்தகைய விலங்குகளின் எலும்புகளைக் கண்ட அமெகினோ, இரண்டு கண்டத்து விலங்குகளுக்கும் உறவு உண்டு, தென் அமெரிக்காவே மூலம் என்றார். அவர் உறவு என்று காட்டிய விலங்குகளில் சில பொருந்தவில்லை. ஆனால் பையுள்ள விலங்குகள் தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியாக, அது பனிமூடாமல் காடாக இருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவுக்குப் போயின என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. 1982-ல் அண்டார்டிகாவின் சீமோர் தீவில் முதன்முறையாக ஒரு தரைப் பாலூட்டியின் எலும்பு கிடைத்தது. அது ஒரு சிறிய பையுள்ள விலங்கு. பாலிடோலோப்பிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. 1897-ல் அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தவர் லா பிளாட்டாவின் புத்தகக் கடைக்காரர்.

2015-ல் இன்னொரு செய்தி வந்தது. தென் அமெரிக்க விநோதக் குளம்பு விலங்குகளான டாக்ஸோடோன், மக்ரோகீனியா இரண்டின் எலும்பிலிருந்து பழைய புரதத்தைப் பிரித்து ஆராய்ந்தார்கள். அவற்றுக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய உறவினர் குதிரையும் காண்டாமிருகமும்தான் என்று தெரிந்தது. மூதாதை அல்ல, தூரத்துப் பங்காளி. குதிரைக்கும் இவற்றுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அடம்பிடித்த கிழவர் இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். உடனே இன்னொரு ஆயிரம் பக்கம் எழுதத் தொடங்கியிருப்பார்!

அண்ணன் போன பிறகு தம்பி கார்லோஸ் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்து 1936-ல் மறைந்தார். அவர் எழுதியது மிகக் குறைவு. புவனோஸ் ஐரிஸின் சென்டெனாரியோ பூங்காவில் உள்ள இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் அமெகினோ சேகரிப்பு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. படகோனியாவில் புதிதாக எலும்பு கண்டெடுப்பவர்கள் இப்போதும் முதலில் அங்கே போய் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.